பழைய மேசை விளக்கு வாங்குவோர் செய்யும் தலைகீழ் வேலை

பழைய உலோக மேசை விளக்கு வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே இரண்டு வேலையைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். தொடாமல் விட வேண்டிய உலோகத்தைத் தேய்த்துப் புதிதாக்குகிறார்கள். கட்டாயம் மாற்ற வேண்டிய ஒயரை, பழமை கெட்டுவிடும் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு முன்னால், வாங்கும்போது நடக்கும் ஏமாற்றம். தூண் போன்ற தண்டு, அகந்தஸ் என்ற செடியின் இலை வடிவம், வாகை மாலை, சிங்கப் பாதம் எல்லாம் இருந்தால் விளக்கு 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நம்பிவிடுகிறோம். பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் இந்த நியோகிளாசிக்கல் அலங்காரத்துக்குப் பெரிய தூண்டுதலாக இருந்தவை, எரிமலையில் புதைந்த ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தில் 1738-இலும் பொம்பேயில் 1748-இலும் தொடங்கிய அகழாய்வுகள். ஆனால் அந்தப் பாணியை 19, 20-ஆம் நூற்றாண்டுகளிலும் விடாமல் செய்துகொண்டே இருந்தார்கள். வீடுகளில் மின்விளக்கு எரியத் தொடங்கியதே 1880-களை ஒட்டித்தான். அதனால் '18-ஆம் நூற்றாண்டு மின்விளக்கு' என்று யாராவது சொன்னால், அது மெழுகுவத்தித் தண்டாகவோ எண்ணெய் விளக்காகவோ இருந்து பிறகு மாற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிற்காலப் பிரதி.

விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒயருக்கான துளை அலங்கார வேலைப்பாட்டின் குறுக்கே போகிறதா? அப்படியானால் அது அநேகமாகப் பின்னால் போட்ட துளை. ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறி வடிவப் பள்ளம் இருக்கிறதா? அந்த பிலிப்ஸ் வகை ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பழுதுபார்த்தவர் மாற்றியும் இருக்கலாம், எனவே ஒரு ஸ்க்ரூவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அடிப்பாகம் துணியால் மூடியிருந்தால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கனமாக இருக்கிறதே என்று மகிழ்ந்த விளக்கின் அடியில் சிமென்டோ ஈயமோ அடைத்திருப்பது சகஜம்.

காந்தச் சோதனையை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். அது பாதிப் பதில்தான். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று தெரியும். ஒட்டாவிட்டால்? பித்தளையிலும் ஒட்டாது, வெண்கலத்திலும் ஒட்டாது, வெண்கலச் சாயம் பூசிய துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது. மூன்றாவதுதான் பலரும் ஏமாறும் இடம். அடியில் வெளியே தெரியாத ஒரு கீறலைப் பாருங்கள்: மஞ்சளோ செம்மையோ தெரிந்தால் செம்புக் கலவை, சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். கைவேலையைப் பார்க்க இலை விளிம்பை உற்றுப் பாருங்கள். வார்த்த பிறகு சிற்றுளியால் செதுக்கியிருந்தால் நரம்புகள் கூர்மையாக, இலைக்கு இலை லேசாக மாறி இருக்கும். வார்த்ததோடு விட்டதில் எல்லாம் கொஞ்சம் மழுங்கலாக இருக்கும்.

சரி, இப்போது சுத்தம் செய்வது. பித்தளை பாலிஷை எடுத்ததும் எல்லாவற்றிலும் தேய்ப்பதுதான் மீட்க முடியாத தவறு. சாயம் பூசிய துத்தநாகத்தில் தேய்த்தால் மேடான இடங்களில் சாம்பல் திட்டுகள் வந்துவிடும். தங்க முலாமில் தேய்த்தால் முலாமே போய்விடும். பழைய முலாம் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிச் செய்தது. அந்த ஆவி பல கைவினைஞர்களின் உயிரைக் குடித்தது. அதே முறையில் திரும்பப் பூசித் தருவாரைத் தேடுவது வீண். எலுமிச்சை, வினிகரில் ஊறவைத்தால் பித்தளையின் மேல்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத் திட்டுகள் தங்கிவிடும். அமோனியா கலந்த திரவமும் வேண்டாம், உள்ளே இழுவிசையோடு இருக்கும் பித்தளையில் அது விரிசல் விழ வைக்கும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் பெரும்பாலும் போதும். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் பழம்பொருள் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள்.

ஒயர் விஷயத்தில் இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். துணி சுற்றிய பழைய ஒயருக்குள் இருக்கும் ரப்பர் காய்ந்து நொறுங்கும். அதுவும் துளை விளிம்பில் உரசும் இடத்திலும் ஹோல்டருக்கு அருகிலும் முதலில் நொறுங்கும். மின்சாரம் வரும் செம்புக் கம்பி விளக்கின் உலோக உடலைத் தொட்டுவிட்டால் விளக்கு முழுவதிலும் மின்சாரம் இருக்கும், ஆனால் பல்பு வழக்கம்போல எரியும். 'எரிகிறதே, என்ன குறை?' என்பதால்தான் ஆபத்து. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, மூன்று கம்பி ஒயர் போட்டு எர்த்தை உலோக உடலோடு சேர்க்கச் சொல்லுங்கள். துளை விளிம்பில் ரப்பர் வளையம் வைக்கட்டும். புதுத் துளை மட்டும் போட விடாதீர்கள். கழற்றிய ஹோல்டர், நட்டு எல்லாவற்றையும் பையில் போட்டு வையுங்கள், நாளை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

அப்புறம் ஷேடு. சின்னதாக எடுத்தால் ஹோல்டர் தெரியும், பெரிதாக எடுத்தால் தூண் காணாமல் போகும். உட்கார்ந்த நிலையில் பல்பு கண்ணில் படாமல் இருப்பதுதான் அளவு. பழைய பட்டு ஷேடு கையோடு வந்திருந்தால் சூடேறும் இழை பல்பு போடாமல் குறைந்த வாட் எல்இடி போடுங்கள்.