63-ல் முடியும் வால்யூம்

என் பழைய காடியில் இருக்கும் ரேடியோவின் வால்யூம் 0-வில் தொடங்கி 63-ல் முடியும். 6 பிட்டில், அதாவது 0 அல்லது 1 வரும் ஆறு இடங்களில், 64 படிகள் அடங்கும். அந்தக் கணக்கை அப்படியே திரையில் காட்டிவிட்டார்கள் போல. ஓட்டுபவருக்கு அது எதற்கு? ஒலி நேர்விகிதமாக இல்லாமல் டெசிபல் கணக்கில் ஏறுவதால், 32 வைத்தால் பாதிச் சத்தம் என்றும் சொல்ல முடியாது.

எண் எதுவானாலும் பழகிவிடும். மின்னல் எஃப்எம் 18-லேயே கணீரென்று கேட்கும், புளூடூத்தில் பாட்டுப் போட்டாலோ 40-லும் முணுமுணுப்புதான். அப்புறம் ரேடியோவுக்கு மாற்றினால் அதே 40-ல் அலறும். ஜாலான் ஈப்போ சிக்னலில் பக்கத்து மோட்டார்க்காரர் திரும்பி முறைத்தார்.

போனுக்கும் தனி அளவு உண்டு. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 15 படிகள். புளூடூத் வழியே போவது 0 முதல் 127 வரை. இவை ரேடியோவின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கூத்துதான்.

போன் அமைப்புகளில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தேன். அங்கே, போன் சத்தத்தையும் ரேடியோ சத்தத்தையும் ஒன்றாகப் பிணைப்பதை நிறுத்தும் ‘டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்’ என்பதை ஆன் செய்து, புளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். போன் சத்தத்தை முழுதாக ஏற்றியதும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக்கு, ரேடியோவின் ஆடியோ மெனுவில் புளூடூத்தின் அளவை மட்டும் தனியாகக் கூட்டினேன். எஃப்எம்தான் அடிப்படை, அதைத் தொட விடாது.

இப்போது இரண்டுமே 20-க்குள் அடங்குகின்றன. வழிகாட்டும் ஆப்பின் குரல் மட்டும் கொஞ்சம் கத்துகிறது. அதை அந்த ஆப்பிலேயே குறைக்கலாம்.