எத்தியோப்பிய உணவகத்தில் முதல் சாப்பாடு: ஆர்டர் முதல் காபி வரை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் எத்தியோப்பியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. யூ ஸ்ட்ரீட் பக்கமும், நகரை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங்கிலும் தேடினாலே போதும். கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது சுலபம் என்று தோன்றும். ஆனால் சோறு பிசையும் அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரும்.

படி 1: ஆளுக்கொரு தட்டு கேட்காதீர்கள்

எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய தட்டு வரும். அடியில் விரித்திருப்பது இஞ்செரா. டெஃப் என்ற சிறுதானிய மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, திருப்பிப் போடாமல் சுடுவார்கள். மேலே கண் கண்ணாக, ஆப்பம் போல மெத்தென்று இருக்கும். பார்க்க லேசு, வயிற்றில் கனம். இரண்டு பேருக்கு ஒரு காய்கறித் தட்டும் ஒரு கறி வகையும் தாராளம்.

படி 2: சைவம் என்றால் 'யெத்சோம் பெயாய்நெட்டு'

'சோம்' என்றால் நோன்பு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அந்த நோன்புச் சாப்பாடுதான் இது: பல பருப்பு, காய்கறி வகைகள் சேர்ந்த தட்டு. மிசிர் வொட் காரமான மைசூர் பருப்பு. கிக் அலிச்சா மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, காரமே இருக்காது. குழந்தைகளுக்கு அதைக் கொடுங்கள். நோன்பில் மீன் சாப்பிடுகிறவர்களும் உண்டு, அதனால் "மீனும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கிட்ஃபோ என்பது பச்சை மாட்டுக்கறி. தெரியாமல் ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க: இஞ்செரா மாவில் கோதுமையோ பார்லியோ கலப்பது அங்கே சகஜம். முழு டெஃப் கிடைக்குமா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

படி 3: கிழிப்பது, கிள்ளுவது

கையைக் கழுவிவிட்டு, தனியே சுருட்டி வைத்திருக்கும் இஞ்செராவில் மூன்று விரல் அகலத்துக்கு வலது கையால் கிழியுங்கள். கண் உள்ள பக்கம் குழம்பில் படும்படி கவிழ்த்து, கட்டைவிரலும் மற்ற இரு விரல்களும் சேர்த்துக் கிள்ளி எடுங்கள். துண்டு பெரிதானால் வாயெல்லாம் புளிப்பு. சிறிதானால் விரல் குழம்பில் முங்கிவிடும். பொதுத் தட்டாயிற்றே, விரலை நக்கக் கூடாது. எதையும் ஒன்றாகப் பிசையவும் வேண்டாம். உங்களுக்கு நேரே இருப்பதை மட்டும் எடுங்கள்.

இஞ்செராவை வெறுமனே தின்று பார்த்துவிட்டு "புளிக்குது" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. பெர்பெரெ மசாலாவின் காரத்துக்கு அந்தப் புளிப்புதான் ஜோடி. அடியில் விரித்த இஞ்செராவை மட்டும் கடைசி வரை விட்டுவையுங்கள். எல்லாக் குழம்பும் ஊறிய அந்தத் துண்டுக்கு ஈடே இல்லை.

கூட இருக்கும் எத்தியோப்பிய நண்பர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அது 'குர்ஷா', அன்பின் அடையாளம். மறுத்தால் மனம் நோகும்.

படி 4: காபி, பில்

சடங்கு முறையில் காபி தரும் இடமென்றால் பாதிச் சாப்பாட்டிலேயே சொல்லிவிடுங்கள். பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள், நேரம் பிடிக்கும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே டிப்ஸ் எழுதுங்கள். போடாவிட்டால் 18 முதல் 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம்.