அலங்கார ரோலர்பால் பேனா சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைப் பேனா சேர்க்கிறவர்களிடம் ஏதோ ஒரு கட்டத்தில் ரோலர்பாலும் வந்து சேர்ந்துவிடும். நிப்புக்குப் பதிலாக முனையில் உருளும் சின்னக் குண்டால், நீர் கலந்த மையில் எழுதும் பேனா அது. ஆசைப்பட்ட வேலைப்பாடு நிப்புப் பேனாவில் விற்றுத் தீர்ந்திருக்கும், அல்லது யாராவது பரிசாகக் கொடுத்திருப்பார்கள். எனக்குப் பரிசாகத்தான் வந்தது. கரும்பச்சையும் கறுப்பும் கலந்து மேகம்போல் ஓடும் அக்ரிலிக் உடல், திருகு மூடி. மூடியைத் திறக்கும்வரை மைப் பேனா என்றே நினைத்தேன். நிப்பு இல்லை என்றதும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தபோது ரீஃபில் காய்ந்திருந்தது. புது ரீஃபில் வாங்கப் போனபோதுதான், இந்தப் பேனாவைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது புரிந்தது.

பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. உடலைப் பார்த்து வாங்குகிறோம், உள்ளே என்ன ரீஃபில் போகிறது என்று கேட்பதில்லை. மைப் பேனாவில் இந்தக் கவலை குறைவு. மை அடைத்த குழாயான கார்ட்ரிட்ஜ் கிடைக்காவிட்டாலும், மை உறிஞ்சும் கன்வெர்ட்டரைப் போட்டு எந்தப் புட்டியிலிருந்தும் மை இழுக்கலாம். ரோலர்பாலின் உயிர் முழுக்க அந்த ரீஃபிலில் இருக்கிறது. நீளம் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் முனை உள்ளேயே ஆடும், இல்லாவிட்டால் கழுத்தைத் திருகி மூடவே முடியாது.

மூடி போட்ட ரோலர்பால்களில் பெரும்பாலானவை சுமார் 110 மில்லிமீட்டர் நீள ரீஃபிலை ஏற்கும். ஜெர்மனியின் ஷ்மிட் 888, 5888 இரண்டும் இந்த அளவுதான். பேனாவைக் கையால் கடைந்து செய்கிறவர்கள் பலரும் இதையே போடுகிறார்கள். பைலட் ஜி2 ஜெல் ரீஃபிலும் ஏறக்குறைய இதே நீளம் என்பதால் நிறையப் பேனாக்களில் அப்படியே உட்காரும். மோன்ட்பிளாங்க், லாமி போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி ரீஃபில் வைத்திருக்கின்றன. வாங்கும் முன்பே அதன் விலையையும், நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

இதில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. பார்க்கர் வகைப் பால்பாயின்ட் ரீஃபிலுக்கு உலகத் தர அளவில் கொடுத்திருக்கும் பெயரும் ஜி2தான். அது சுமார் 98 மில்லிமீட்டர், எண்ணெய் மை. பைலட் ஜி2 என்பது வேறு, ஒரு ஜெல் பேனாவின் பெயர். இணையத்தில் ‘ஜி2 ரீஃபில்’ என்று தேடி ஆர்டர் போட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம். பழைய ரீஃபிலைத் தூக்கிப் போடாமல் ஸ்கேல் வைத்து அளந்து, முனை எந்த இடத்தில் குறுகுகிறது என்றும் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

ரீஃபில் மாற்றும்போது உடலைக் கவிழ்க்காதீர்கள். பின்பக்கம் சின்னதாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது உருண்டு எங்கோ போய்விட்டால் ரீஃபில் முன்னும் பின்னும் நகரும், எழுத்து திக்கும். ஸ்பிரிங் இருந்தும் கொஞ்சம் ஆடினால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுருட்டிப் பின்னால் வைத்தால் போதும். நீளம் மிஞ்சினால், பிளாஸ்டிக் ரீஃபிலாக இருந்து வால் பகுதி வெற்றாகவும் இருந்தால் மட்டும், பிளேடால் ஒவ்வொரு மில்லிமீட்டராக நறுக்கிப் பார்க்கலாம். உலோக ரீஃபிலில் கை வைக்க வேண்டாம். புது ரீஃபிலின் முனையில் மெழுகுபோல ஒரு துளி ஒட்டியிருக்கும். மை காயாமல் இருக்க வைத்தது அது. அதைக் கவனிக்காமல், எழுதவில்லை என்று காகிதத்தில் அழுத்தித் தேய்த்து முனையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நகத்தால் மெல்ல எடுத்தால் வந்துவிடும்.

அடுத்தது, ரோலர்பாலைப் பால்பாயின்ட்போல நடத்துவது. ரோலர்பாலில் ஓடுவது நீர் கலந்த மை. 1964-இல் ஜப்பானின் ஓட்டோ நிறுவனம் இந்த வகையைக் கொண்டுவந்ததே, பால்பாயின்ட்டைப் போல் அழுத்தாமல் எழுத வேண்டும் என்றுதான். அதனால் மைப் பேனாவுக்குள்ள குணங்கள் பல இதற்கும் உண்டு. மூடாமல் வைத்தால் காயும். மெல்லிய நோட்டுக் காகிதத்தில் மை ஊறி எழுத்துக்குக் கால் முளைக்கும், பின்பக்கம் தெரியும். பால்பாயின்ட் ரீஃபில் ஒன்று மாதக்கணக்கில் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் தீர்வது ஏமாற்றமாக இருக்கும். மை தாராளமாக இறங்குவதால்தான் எழுத்து அவ்வளவு கருமையாகவும் வழுக்கலாகவும் வருகிறது. உபரியாக இரண்டு ரீஃபிலை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வாங்கி அடுக்கினால் அங்கேயே காயும்.

இதற்கு நேர் எதிரான தவறு, அதை முழுக்க மைப் பேனாவாகவே நினைப்பது. கை சாய்வில் இது உடனே தெரியும். நிப்புப் பேனாவைக் காகிதத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 55 பாகை வரை சாய்த்துப் பிடிப்போம். அதே சாய்வில் ரோலர்பாலைப் பிடித்தால் குண்டைச் சுற்றியிருக்கும் உலோக விளிம்பு காகிதத்தில் உரசும். ‘புதுப் பேனா கீறுது’ என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிடும். திரும்பி நிப்புக்கு வரும்போது கை அதே நிமிர்வோடு வரும், கூடவே அழுத்தமும் வரும். நிப்பின் இரண்டு பல்லும் விரிவது அப்படித்தான். ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்துகிறேன் என்றால், மாற்றும்போது வெற்றுத் தாளில் நாலு சுழி போட்டுக் கையைப் பழக்கிக்கொள்வேன்.

மைப் பேனாவின் கார்ட்ரிட்ஜையே ஏற்கும் ரோலர்பால்களும் உண்டு. பிரான்ஸின் மை நிறுவனமான ஜே. எர்பான் செய்யும் ஒன்று, பல நிறுவனப் பேனாக்களுக்கும் பொதுவான சின்ன சர்வதேசக் கார்ட்ரிட்ஜில் ஓடும். காலிக் கார்ட்ரிட்ஜில் நமக்குப் பிடித்த மையைச் சிரிஞ்சால் நிரப்பிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வகை இது. ஆனால் எந்த மையும் போகும் என்று நினைக்கக் கூடாது. அதே எர்பானின் ‘எமரால்ட் ஆஃப் சிவோர்’ போல மினுமினுப்புத் துகள் கலந்த மை, நிப்புப் பேனாவிலேயே அடிக்கடி கழுவ வேண்டியது. குண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளியில் அந்தத் துகள் சிக்கினால் எடுப்பது கஷ்டம். நிப்பையும், அடியிலிருந்து அதற்கு மை கொண்டுவரும் கட்டையையும் கழற்றிக் கழுவுகிற வசதி ரோலர்பாலில் கிடையாது. பெலிக்கான் 4001 புளூ-பிளாக் போன்ற இரும்பு கலந்த மையையும் தவிர்த்துவிடுங்கள். சாதாரணச் சாய மையாக, நீர்த்தன்மை உள்ளதாகப் பாருங்கள். நிறம் மாற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரை உறிஞ்சித் தள்ளி, நிறமில்லாமல் வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும்.

இனி உடல்களுக்கு வருகிறேன். சேர்ப்பவர்கள் மனம் நொந்துபோவது இங்கேதான்.

வெள்ளி வேலைப்பாடு செய்த ரோலர்பால் ஒன்றை என் எபோனைட் மைப் பேனாக்களோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தால் வெள்ளி முழுக்க மங்கி, பழுப்பும் கறுப்புமாக இருந்தது. எபோனைட் என்பது ரப்பரோடு நிறையக் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்த பொருள். அதிலிருந்து கந்தக வாயு மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டைக் கடைந்து செய்கிற பேனாக்களை நம்மில் பலர் ஆசையாக வைத்திருக்கிறோம். அதே உடலை நிப்போடும் வாங்கலாம், ரோலர்பாலாகவும் வாங்கலாம். அவற்றை வெள்ளியிடமிருந்து தள்ளித் தனிப் பெட்டியில் வைத்தால் இரண்டுமே நன்றாக இருக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவதும் வெள்ளிக்கு இதே கெடுதல்தான்.

எபோனைட்டுக்கும் எதிரிகள் உண்டு. வெயிலும் ஈரமும் பட்டால் பளபளப்பான கறுப்பு பழுப்பேறிவிடும். ஜன்னலோர மேஜையில் ஸ்டாண்டு வைத்து அழகு பார்க்க வேண்டாம், தண்ணீரில் ஊறப் போடவும் வேண்டாம். ஜப்பானிய உருஷி அரக்குப் பூச்சும் வெயிலில் மங்கும். செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் உடல் காற்றோட்டம் கேட்கும், தீப்பிடிக்கும் குணமும் உள்ளது.

கைக்குச் சானிடைசர் போட்ட உடனே பேனாவைத் தொடாதீர்கள். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழலாம், செல்லுலாய்டும் சில அரக்குப் பூச்சுகளும் இளகலாம். துடைக்க மென்மையான பருத்தித் துணியில் லேசான ஈரம் போதும்.

மூடியைப் பின்னால் மாட்டி எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் பள்ளியிலிருந்தே இருக்கிறது. சித்திரம் வரைந்த உடலில் அதைச் செய்தால் சில மாதத்தில் வளையமாகத் தேய்ந்த தடம் விழும். அலங்கார மூடி கனமானதும்கூட. பின்னால் மாட்டினால் பேனா பின்பக்கம் இழுத்து, கை சீக்கிரம் வலிக்கும். மூடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுதுங்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட அழகான பேனாவை எடுப்பது இயல்புதான். அதிலுள்ள மை நீரில் கரைகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு தாளில் எழுதிக் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்தாலே தெரிந்துவிடும். அந்த வேலைக்கு, நீரில் கரையாத நிறமி மை உள்ள ரீஃபில் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

கொஞ்ச நாள் எழுதப் போவதில்லை என்று தெரிந்தால், மைப் பேனாவைக் கழுவிக் காயவைப்போம் அல்லவா, ரோலர்பாலுக்கும் அப்படி ஒன்று செய்யுங்கள். ரீஃபிலைக் கழற்றி, முனையில் மெழுகு ஒற்றி, எந்தப் பேனாவுடையது என்று சின்னச் சீட்டு ஒட்டித் தனியாகப் படுக்க வையுங்கள். ஸ்பிரிங்கை உடலுக்குள்ளேயே விட்டு மூடிவிடுங்கள்.