10 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்குவது எப்படி?

மைக்ரோவேவ் பக்கம் போக நினைக்கும் ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) பலரிடம் ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் (துல்லியமான அதிர்வெண் தரும் கருவி) ஒன்று இருக்கும். அதை 100 ஆக்கிவிட்டால் மேலே ஏறுவது சுலபம். பெருக்குவதில் பெரிய வித்தை இல்லை, வேண்டாததைக் களைவதில்தான் பாதி வேலை.

ஒன்றை மனதில் வையுங்கள். 10 மடங்கு பெருக்கினால் ஃபேஸ் நாய்ஸ் (சிக்னலின் நுண்ணிய நடுக்கம்) 20 டெசிபல் கூடும். 1000 மடங்குக்கு 60. அதனால் ரெஃபரன்ஸே சுத்தமாக இருக்க வேண்டும். மின்சாரமும் தனி ரெகுலேட்டரிலிருந்து வரட்டும்.

முதலில் சைன் அலையைச் சதுர அலை ஆக்குவோம். 74ஏசி04 இன்வெர்ட்டர் ஐசியின் ஒரு கேட்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் வழியாக சிக்னல் கொடுங்கள். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களால் அந்த உள்ளீட்டைப் பாதி வோல்டேஜில் நிறுத்துங்கள். சரிபாதி சதுர அலையில் 30, 50, 70 என ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளே (10இன் மடங்குகள்) இருக்கும். நமக்கு வேண்டிய 50 (பின்னால் இதைத்தான் இரட்டித்து 100 ஆக்கப் போகிறோம்), அடிப்படை அலையைவிட 14 டெசிபல் கீழே கிடக்கும்.

அடுத்தது ஃபில்டர். இங்கே அவசரப்படாதீர்கள். 220 நானோஹென்றி காயிலுக்கு இணையாக மொத்தம் 46 பிகோஃபாரட் வந்தால் 50 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும். 33 பிகோவை நிலையாக வைத்து மீதிக்குச் சிறிய டிரிம்மர் போடுங்கள். அப்போது தெரியாமல் 30க்கோ 70க்கோ டியூன் செய்துவிட வழியே இல்லை. இப்படி இரண்டு சர்க்யூட்களை 1 பிகோ அளவில் இணையுங்கள். கேட்டிலிருந்தும் சில பிகோ வழியாகவே எடுங்கள், இல்லாவிட்டால் காயிலின் கியூ (ஒத்திசைவின் கூர்மை) விழுந்துவிடும்.

அப்புறம் ஒரு சிறு எம்எம்ஐசி (ஒற்றைச் சில்லு) ஆம்ப்ளிஃபயர். அதன் வெளியீடு 10 டிபிஎம் (10 மில்லிவாட்) அளவு இருந்தால், நடுமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு 1என்5711 ஷாட்கி டயோடும் சேர்ந்த முழு அலை ரெக்டிஃபயர் இரட்டிப்பாக்கிவிடும். 10 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கும், பரவாயில்லை. 100க்கான ஃபில்டரில் 100 நானோஹென்றியும் 25 பிகோவும். பின்னால் இன்னொரு ஆம்ப்ளிஃபயர்.

கடைசியில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 80, 120இல் சிகரங்கள் தெரிந்தால் 50 ஃபில்டர் போதவில்லை, 30உம் 70உம் டயோடுகளில் கலக்கின்றன. 50 தெரிந்தால் டயோடு ஜோடி சமமாக இல்லை. ஆர்டிஎல்-எஸ்டிஆரில் (கணினியில் செருகும் மலிவான ரிசீவர்) பார்ப்பவர்கள் முன்னால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் கூட்டுங்கள். சிகரம் 10ஐவிட அதிகமாக இறங்கினால் அது ரிசீவர் திணறி உண்டாக்கியது, உங்கள் சர்க்யூட்டில் இல்லை.