கிரீனிங் நோய்: துளிர்க்கும் காலத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் கிரீனிங் நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. நோய்க்கிருமியான பாக்டீரியா மரத்தின் உணவைக் கடத்தும் புளோயம் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுவதால், மேலே தெளிக்கும் எதுவும் அதை ஒழிப்பதில்லை. ஆகவே, நோயைப் பரப்பும் சிட்ரஸ் சைலிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சியைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

இப்பூச்சி இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும். நோயுற்ற மரத்தின் துளிரில் வளரும் இளம்பூச்சி கிருமியை ஏற்றுக்கொண்டு, இறக்கை முளைத்த பின் பிற மரங்களுக்குப் பரப்புகிறது. எனவே நாட்காட்டியைப் பார்த்து மருந்து தெளிப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. துளிர் விடுவதற்குச் சற்று முன்பு, தோட்டத்தில் வளர்ந்த பூச்சிகள் மட்டுமே இருக்கும் நேரத்தில் தெளித்தால் அடுத்த தலைமுறை உருவாவதே பெருமளவு தடைபடும். ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் செயல்படும் முறை வேறுபட்டவற்றை மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும்; பூக்கும் காலத்தில் தேனீக்களுக்குத் தீங்கானவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

கிளையின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் 3 முதல் 4 மி.மீ. நீளமுள்ள பழுப்புநிறப் பூச்சிகள் விழும். இலையில் அமரும்போது அவை வால்பகுதியை உயர்த்திச் சாய்ந்திருப்பதால் எளிதில் அடையாளம் காணலாம். வெளியிலிருந்து வருபவை முதலில் ஓர வரிசைகளிலேயே தங்குகின்றன. சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள். அருகிலுள்ள கறிவேப்பிலை மரத்திலும் இவை பெருகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இளம்பூச்சிகளைத் தாக்கும் டமாரிக்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் பொறிவண்டுகளும் ஓரளவு உதவும். தேன்போன்ற கழிவுக்காகச் சைலிட்டைக் காக்கும் எறும்புகளைக் கட்டுப்படுத்தினால் அவற்றின் வேலை எளிதாகும்.

இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒத்திராத மஞ்சள் திட்டுகள் இந்நோயைக் குறிக்கலாம். துத்தநாகக் குறைபாட்டில் அவை இருபுறமும் ஒத்திருக்கும். ஐயமிருந்தால் ஆய்வகப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று ஏற்பட்டுப் பல மாதங்கள் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், அறிகுறியற்ற மரமும் நோயைச் சுமக்கலாம். புதுக் கன்றுகளைப் பூச்சி புகாத வலைக்கூடத்தில் வளர்க்கப்பட்ட, சான்றளிக்கப்பட்ட நாற்றங்காலிலிருந்தே வாங்க வேண்டும்.

நோய் உறுதியான மரத்தை வெட்டுமுன் மருந்து தெளியுங்கள். இல்லையேல் அதிலுள்ள பூச்சிகள் பக்கத்து மரங்களுக்குப் பறந்துவிடும். அடிக்கட்டையையும் தோண்டி அகற்ற வேண்டும், ஏனெனில் அதிலிருந்து கிளைக்கும் துளிரும் கிருமியைச் சுமக்கும். அக்கம்பக்கத் தோட்டங்களும் ஒரே காலகட்டத்தில் தெளித்தால்தான், ஒரு தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட பூச்சிகள் மற்றொன்றில் தங்கிப் பெருகித் திரும்பி வராமல் தடுக்க முடியும்.