மாற்றலாகிப் போன ஊரில் ஒட்டிக்கொள்வது எப்படி

வீடு பார்க்கும்போதே இந்த வேலை ஆரம்பித்துவிடுகிறது. மாற்றலாகிப் போகிறவர்கள் ‘தனியா, அமைதியா’ ஒரு வீடு தேடுவார்கள். தேடாதீர்கள். வங்கி உத்தியோகத்தில் கோவில்பட்டி, தர்மபுரி, பேராவூரணி, மேட்டுப்பாளையம் என்று பெட்டியும் பாத்திரமுமாகச் சுற்றிய திருநெல்வேலிக்காரி சொல்கிறேன்: படிக்கட்டை ஒட்டிய வீடு, தெருக்குழாய்க்கு எதிர் வீடு, பால் வண்டி நிற்கிற முனை, இதில் ஒன்று கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாரோடு சிநேகமாகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல்காரரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். படிக்கட்டுக்கும் தபால் பெட்டிகளுக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் மாடிக்காரர்களின் சிநேகம் அதிகம் கிடைத்திருந்தது. நம் தெருக்களில் அந்த வேலையைக் குழாயடி செய்கிறது.

அடுத்தது கடை. மொத்தச் சாமானையும் சூப்பர் மார்க்கெட்டில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். மளிகை ஒரு கடை, பூ ஒரு அம்மா, காய் ஒரு வண்டி. முக்கியம், தினமும் அதே நேரம். ஆறரை மணிக்குப் பால் வாங்குகிற முகத்தை ஆறரைக்கு வருகிற மற்றவர்கள் பதிந்துகொள்வார்கள். ஒருநாள் ஏழுக்கும் ஒருநாள் எட்டுக்கும் போகிறவரை வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

இனி என் முக்கியமான பாடம். புதிதாகக் குடிவந்ததும் அக்கம்பக்கத்துக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அதற்கு முன்னால் எதையாவது கேளுங்கள். உறைமோர் கேளுங்கள். “அக்கா, ஒரு கரண்டி உறைமோர் இருக்குமா? பால் காய்ச்சி வச்சிட்டேன், உறை ஊத்த இல்ல.” கொடுக்கிறவருக்கு அதில் ஒரு பெருமை இருக்கிறது: உங்கள் வீட்டுத் தயிர் அவர் வீட்டுத் தயிரின் வாரிசு. விளக்கு வைத்த பிறகு கேட்காதீர்கள். உப்பையும் மோரையும் அந்த நேரத்தில் கொடுக்க மாட்டார்கள், மறுக்கவும் சங்கடப்படுவார்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது. நாலு முறுக்கு, ஒரு கைப்பிடி சீனி, ஏதாவது போட்டுக் கொடுங்கள். அந்தக் கிண்ணம் அதன்பிறகு நிற்காது, இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருக்கும். கொடுத்துக்கொண்டே இருக்கிறவரை ஊர் மதிக்கும், கொஞ்சம் தள்ளியே வைக்கும். வாங்கிக்கொள்ளத் தெரிந்தவரைத்தான் உள்ளே சேர்க்கும்.

கோவில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வசூல் வரும்போதும் இதே கணக்குத்தான். இளவட்டங்கள் ரசீது புத்தகத்தோடு வருவார்கள். வங்கி மேடம் என்றதும் ஐயாயிரத்தில் ஆரம்பிப்பார்கள். சட்டென்று கொடுத்தால் நோட்டீஸில் நன்கொடையாளர் வரிசையில் பெயர் வரும், நீங்கள் அதோடு விருந்தாளி ஆகிவிடுவீர்கள். “வீட்டுக்கு வரி எவ்வளவு தம்பி?” என்று கேளுங்கள். வரி என்பது அந்தத் தெருக்காரர் எல்லாரும் சமமாகக் கட்டுவது. நன்கொடை வெளியாள் தருவது. வரி எங்களுக்குள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் அது பெரும்பாலும் சாதிக் கணக்கு. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். ‘நீங்க எந்த ஆளுக’ என்று கேட்டுவிட்டுத் திறக்கிற கதவுக்குள் போய் உட்கார எனக்கு என்றைக்கும் ஆசை இருந்ததில்லை. அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிற இடத்தில், பள்ளிக்கூட வாசலில், சாயங்காலம் நடக்கிற மைதானத்தில் வேறு கூட்டம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

மொய் தனிப் பாடம், அதிலும் பேராவூரணிப் பக்கம். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, மொய் வாங்குவதற்கென்றே ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். கீரமங்கலம், வடகாடு வரை இந்த மொய் விருந்து உண்டு. தனியாளுக்குச் செலவு கட்டாது என்று பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. விருந்து வைக்கிறவர் போன தடவை உங்களுக்கு எழுதியதைத் திருப்பி எழுதி, மேலே கொஞ்சம் புதுநடையும், அதாவது புதிதாகச் சேர்க்கிற தொகையும், வைக்க வேண்டும். அடுத்த முறை அது உங்களுக்கு வரும். கணக்கு தீரவே தீராது, தீரக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அடமானம் இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை, ஒரு நீள நோட்டு மட்டும். லோன் பேப்பர் பார்த்தே கண் கெட்ட எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

புதிதாகப் போகிறவர் செய்ய வேண்டியது: பக்கத்து வீட்டில் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று விசாரித்து அதே தொகையை எழுதுங்கள். கூட எழுதினால் அவர்களுக்குத் திருப்பிச் செய்கிற பாரம், குறைத்தால் உங்களுக்குக் கெட்ட பெயர். கவரை மேசையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மொய் எழுதுகிறவர் ஊர்ப் பெயர் கேட்பார். முதலில் நான் ‘திருநெல்வேலி’ என்றுதான் சொல்வேன். பிறகு ஒரு காதுகுத்தில் அந்தப் பெரியவர் கேட்காமலே நான் குடியிருந்த தெருப் பெயரைப் போட்டு எழுதினார். பக்கத்திலிருந்த மேனேஜருக்கு அது ஒன்றும் புரியவில்லை.

இன்னொன்று. மகள் காதுகுத்தை நாங்கள் சொந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் அங்கேயே வைத்தோம். வீட்டார் முகம் சுளித்தார்கள்தான். ஆனால் ஊரெல்லாம் போய் மொய் எழுதிவிட்டு, திரும்ப எழுத அவர்களுக்கு ஒரு வாய்ப்பே கொடுக்காமல் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவது மரியாதை இல்லை.

நல்ல காரியத்துக்குப் பத்திரிகை வரட்டும் என்று காத்திருக்கலாம். சாவுக்குக் காத்திருக்கக் கூடாது. தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் ஒரு மாலையோடு போய் நில்லுங்கள். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை; டீ டம்ளரை எடுத்து நாலு பேருக்கு நீட்டினால் போதும்.

ஆபீஸ் விஷயம் சுருக்கமாக. மதியம் டப்பாவைத் திறந்து நடுவில் வையுங்கள், போனைப் பையில் வையுங்கள். ‘எங்க ஊர்ல எல்லாம் இப்படி இல்ல’ என்ற வாக்கியம் மூன்று மாதத்துக்கு வாயில் வரக் கூடாது. தெரு வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் படம் போடாதீர்கள். ரத்தம் வேண்டும் என்று யாராவது கேட்டால் பதில் போடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். உங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிற கூட்டம் முதலில் உங்கள் காதில் இன்னொருத்தியைப் பற்றிப் புறம் சொல்லும். நீங்களும் ஒரு வார்த்தை போட்டால் சட்டென்று நெருக்கம் வந்துவிடும், அவ்வளவு மலிவு அது. நான் வைத்திருந்த பதில்: “எனக்கு அவங்களை இன்னும் சரியாத் தெரியாதே அக்கா... ஆமா, இன்னிக்கு மீன்காரர் வந்தாரா?” இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் விட்டுவிடுவார்கள். விடாத கூட்டமென்றால் நாளைக்கு உங்களைப் பற்றியும் பேசும்.

ஒட்டிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? பாராட்டில் தெரியாது. திட்டில் தெரியும். “நேத்து ஏன் வரல?” என்று யாராவது உரிமையோடு கடிந்துகொண்டால் சரி. கேட்காமலே சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியூர் போனால் ரொம்பச் சரி. வாசல் பக்கம் ஒரு ஆணி அடித்து வையுங்கள், சாவிகள் சேரும்.

மாற்றல் உத்தரவு மறுபடியும் வந்தால், லாரி வருவதற்கு முன் அடுக்களையில் இருக்கும் மற்ற வீட்டுக் கிண்ணங்களைப் பிரித்தெடுத்துச் சேர்ப்பித்துவிடுங்கள். மொய் நோட்டை மேல் பெட்டியில் வையுங்கள், எழுத வேண்டிய பாக்கி யார் யாருக்கு என்று பென்சிலில் குறித்துக்கொண்டு. புது முகவரியையும் போன் நம்பரையும் நாலு வீட்டிலாவது கொடுத்துவிட்டு வாருங்கள். இப்போது பத்திரிகை வாட்ஸப்பில் வருகிறது, கீழே ஜிபே நம்பரும் இருக்கிறது. ஆனாலும் பாக்கி பெரிதென்றால் பஸ் ஏறிப் போய் நேரில் எழுதுங்கள்.