பெட்டகத்துப் புத்தகங்களை நூலகமாக்குவது எப்படி?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஒரு பெட்டகம் நிறையவாவது புத்தகம் இருக்கும். ஐயா பைண்டு செய்து வைத்த புராணங்கள், பிள்ளைகள் படித்து முடித்த பாடநூல்கள், அப்பத்தா வாரப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துத் தைத்த தொடர்கதைகள். காரைக்குடியில் எங்கள் பங்காளிகள் கூடி, முகப்பை ஒட்டிய அறையைத் தெருப் பிள்ளைகளுக்கு நூலகமாக விடலாம் என்று முடிவு செய்தபோது அந்த வேலை என் கைக்கு வந்தது. செய்து பார்த்த முறையை எழுதுகிறேன். அலமாரி வாங்குவது, தூசி தட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. வரப்போவது யார் என்று பாருங்கள்

எங்கள் தெருவில் மூன்று வகையினர்: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வரும் பள்ளிப் பிள்ளைகள், மதியத்தில் கதை படிக்க ஆசைப்படும் பெரியவர்கள். அதனால் பாடநூல், நோக்கு நூல் (அகராதி, கலைக்களஞ்சியம் போல வேண்டியபோது புரட்டிப் பார்ப்பவை), நாவல் மூன்றும் வேண்டும். ஒன்றை விட்டாலும் ஒரு கூட்டம் வராது.

2. பாடநூல்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறவர்கள் முதலில் கேட்பது 6 முதல் 12 வரையான அரசுப் பாடநூல்களைத்தான். இப்போதைய பாடத்திட்டம் 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளில் தொடங்கியது. அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகங்களும் வீட்டில் கிடக்கும். இரண்டையும் கலந்து அடுக்காதீர்கள். புதியதற்கு முதுகில் ஒரு நிறத் தாள், பழையதற்கு வேறு நிறம். பழைய வரலாறு, தமிழ்ப் புத்தகங்களைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கைடுகளை நான் வைக்கவில்லை. பாடநூலை வரி விடாமல் படிக்கும் பழக்கத்தை அவை கெடுக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

3. நோக்கு நூல்கள்

இவை வீட்டுக்குப் போகக் கூடாது, பூட்டியும் வைக்கக் கூடாது. மேசைமேல் திறந்தபடி இருந்தால்தான் பிள்ளைகள் புரட்டுவார்கள். பெ. தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் உங்கள் பெட்டகத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். அறிவியல் பகுதி பழையது என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். புராணப் பெயர்களுக்கு 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி. அகராதி ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

4. நாவல்கள்

கல்கியைத் தேடி வாங்க வேண்டியதில்லை, எப்படியும் வந்து சேர்வார். நான் முதலில் வாங்கச் சொல்வது ப. சிங்காரத்தை. பக்கத்துச் சிங்கம்புணரிக்காரர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் நம் ஊர் ஆட்கள் வட்டிக்கடை வைத்திருந்த மலாயாவும் சுமத்ராவும் போர்க்காலத்தில் எப்படி இருந்தன என்று தெரியும். கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன ஐயாமார் இருந்த வீடுகளில் இவை இல்லாமல் இருக்கக் கூடாது. அடுத்து சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சேரமான் காதலி'யை வைத்தால், பாட்டுக்காக மட்டும் அவரை அறிந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

5. பட்டியல்: நேரம் போவது இங்கேதான்

விரிதாளில் எழுதுங்கள். நான் விரும்புவது லிப்ரே ஆபீஸ். இணையம் போனாலும் வேலை நிற்காது. எழுத்து யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டினால் பின்னால் தேட முடியாது.

ஆசிரியர் பெயருக்கு இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள். ஒன்றில் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி, மற்றொன்றில் முன்னெழுத்து நீக்கிய பெயர். நம் பக்கத்தில் முன்னெழுத்துகள் நீளமானவை. ராய. சொக்கலிங்கத்தை 'ராய.சொ.' என்றுதான் பலரும் தேடுவார்கள். அந்த வழக்குப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். லட்சுமணன், லெட்சுமணன், இலக்குமணன் மூன்றும் புத்தகங்களில் வரும். தேடுவதற்கான பத்தியில் ஏதாவது ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆண்டு. பழைய புத்தகங்களில் 'விஷு வருடம் தை மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது தமிழ் வருடங்களின் சுழற்சியில் முதலாவதான பிரபவ 1867, 1927, 1987 சித்திரைகளில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் பதினைந்தாவதான விஷு 1881 அல்லது 1941. தை, மாசி, பங்குனி என்றால் அடுத்த ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்பதால் மேலே சொன்னது 1882 அல்லது 1942 ஜனவரி வாக்கில். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழியுங்கள்.

ஆண்டே இல்லையா? விலையைப் பாருங்கள். அணாவில் மட்டும் விலை இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் வந்தால் 1972க்குப் பிறகு. ணை, லை, னை எழுத்துகளில் பழைய துதிக்கை வடிவம் இருந்தால், 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'காரைக்குடி, இராமநாதபுரம் மாவட்டம்' என்று அச்சாகியிருந்தால் 1985க்கு முன். சிவகங்கை தனி மாவட்டமானது அந்த ஆண்டில்தான். இரண்டு மூன்று தடயங்கள் ஒத்துப்போனால் ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வையுங்கள்.

பட்டியலில் கொடுத்த எண்ணைப் புத்தகத்தின் உள்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். செலோ டேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். கிழிந்த புத்தகத்தைப் பருத்தி நாடாவால் கட்டி வைத்தாலே போதும்.

6. பூச்சி

ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தவை பைண்டிங் பசையும் ஈரமும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்; வளவிலிருந்து (வீட்டு நடு முற்றத்திலிருந்து) சாரல் அடிக்கும் பக்கம் வேண்டாம். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணி முடிச்சில் கட்டி வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் தாளை நொறுங்க வைக்கும்.

7. பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது அரிய பிரதியாக இருக்கலாம். புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கேளுங்கள். பின்னது கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்ததிலிருந்து வளர்ந்தது. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைக் காப்பாற்றியது. பேப்பர் கடைக்குப் போயிருந்தால் தமிழ் அச்சு வரலாற்றில் எவ்வளவு இழந்திருப்போம்!

பின்சேர்க்கை: கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி, ஏற்கெனவே பூச்சி விழுந்த புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். மற்ற புத்தகங்களிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள் ஆச்சி. பாலித்தீன் பையில் காற்று புகாமல் சுற்றி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் தாளில் ஈரம் படியும். கரையான் என்றால் இது போதாது. அது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஏறி வருகிறது, ஆள் வைத்து அங்கே மருந்தடித்த பிறகே அலமாரியைத் திரும்பப் போடுங்கள்.